தக்கலை செமிட்டிக் வேர்ச்சொல் கிளாஸ்: கண்டிப்பா போகலாம்

தக்கலைல ஒரு மாடி ரூம்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இந்த கிளாஸ் நடக்கு. அரபி, எபிரேயம், சிரியாக் (அரமேய மொழியோட ஒரு கிளை), அக்காடியன் (பழைய ஈராக் பக்கத்து மொழி), எத்தியோப்பியாவோட கீஸ்னு செமிட்டிக் குடும்பத்து மொழிங்களையெல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒரே வேர் ஒவ்வொரு மொழிலயும் எப்படி வளந்து எங்க போய் நிக்குன்னு சொல்லித் தர்றாங்க. இதுக்கெல்லாம் நம்ம ஊர்ல யாரு வருவான்னு நெனைக்காதீங்க, ரூம் நெறஞ்சு கெடக்கு. திருவிதாங்கோட்டுல இருந்து மதரஸா உஸ்தாது வர்றாரு, மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து மலங்கரை சபைக்காரங்க (சிரியாக் வழிபாட்டு முறைக் கிறிஸ்தவங்க), காலேஜ் பிள்ளைங்க, தூத்தூர்ல தங்கல் போட்டுல (பல நாள் கடல்லயே தங்கி மீன் பிடிக்குற போட்டு) போற அண்ணன் ஒருத்தர் கரைல இருக்கும்போதெல்லாம் வந்துருவாரு.

பேசக் கத்துக்கணும்னா இது உங்களுக்கு ஆகாது, அத மொதல்லயே சொல்லிடுறேன். இங்க வேர் மட்டும்தான். ஆனா அந்த ஒண்ண செய்யுறது ரொம்ப நல்லா செய்யுறாங்க.

சார் ஆரம்பிக்குற எடமே கொள்ளாம். புக்குல இருந்து ஆரம்பிக்க மாட்டாரு, நம்ம வாயில ஏற்கனவே இருக்குற சொல்ல எடுப்பாரு. மலங்கரைப் பள்ளில (சர்ச்சுல) நடக்குற பூசை குர்பானா, பக்ரீதுக்கு அறுக்குறது குர்பானி, ரெண்டுக்கும் வேர் க-ர-ப (இந்த மொழிகள்ல வேர்னா பெரும்பாலும் இப்படி மூணு மெய்யெழுத்துதான்), அர்த்தம் பக்கத்துல வர்றது. அரபில கரீப்னா பக்கம், எபிரேயத்துல காரோவ்னாலும் பக்கம், கடவுளுக்குப் பக்கத்துல கொண்டு போறதுதான் காணிக்கை, பலி எல்லாம். இத்தோட விட்டுட்டா யாரும் சொல்லக்கூடிய கதைதான், ஆனா சார் உடனே நிறுத்தி, வேர் எல்லாருக்கும் பொதுவா வந்தது, ஆனா குர்பான்ங்கிற அந்த முழுச் சொல் அரமேயத்துல இருந்துதான் அரபிக்குப் போயிருக்கணும்னு அறிஞர்கள் சொல்றாங்க, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பக்கூடாதுன்னாரு. பரம்பரையா வந்தது எது, இரவல் வாங்கினது எதுன்னு பிரிச்சுக் காட்டுறதுதான் இந்த கிளாஸோட உயிர்.

ஒலி மாறுறதுக்கு ஒரு சட்டம் உண்டு, அதையும் பைய பைய ஏத்துறாரு. தமிழ்ல பால், கன்னடத்துல ஹாலு, நம்ம பள்ளி அங்க ஹள்ளி, அந்த மாதிரி அரபில ஸ வர்ற பல எடத்துல எபிரேயத்துலயும் சிரியாக்லயும் ஷ வரும். ஸலாம், ஷாலோம், ஷ்லாமா (நம்ம மலங்கரைக்காரங்க வாயில ஷ்லோமோ). நாக்குக்கு அரபில லிஸான், எபிரேயத்துல லாஷோன். காதுக்கு ஒரே மாதிரி கேக்குதுன்னு சேத்துரக்கூடாது, சட்டப்படி ஒத்து வரணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அரபியோட ளாத் எழுத்து பத்தின கிளாஸ். நம்ம முஸ்லிம் மக்கள் ரமளான்னு ள போட்டு எழுதுறாங்கல்ல, அந்த எழுத்துதான். 8ஆம் நூற்றாண்டுல இலக்கணம் எழுதின சீபவைஹியே அது நாக்கோட பக்கவாட்டுல பிறக்குற ஒலின்னு சொல்லிருக்காரு, ல, ள மாதிரி கேக்குறதுக்கு அதான் காரணம். பூமிக்கு அரபில அர்ளு, எபிரேயத்துல எரெட்ஸ், அரமேயத்துல அர்ஆ, ஒரே பழைய ஒலி மூணு வழியாப் பிரிஞ்சு போயிருக்கு. அப்புறம் போர்டுல 'ஜில்லா'ன்னு எழுதினாரு. அது அரபில ளில்உ, விலா எலும்பு, பக்கம்னு அர்த்தம், பாரசீகம் வழியா நம்ம கிட்ட வந்தது. எபிரேயத்துல அதே சொல் ட்ஸேலா, ஆதாமோட விலா எலும்புக்கு பைபிள்ல வர்ற சொல். கன்னியாகுமரி ஜில்லான்னு எழுதுறப்ப எல்லாம் இனி எனக்கு அது ஞாபகம் வரும்.

அர்த்தம் மாறுறதுக்கு ல-ஹ-ம எடுத்தாரு. எபிரேயத்துல லெஹெம்னா ரொட்டி, அரபில லஹம்னா இறைச்சி, அதனால பெத்லகேம் எபிரேயத்துல ரொட்டி வீடு, அரபிக்காரங்க காதுல இறைச்சி வீடு. ஏமனைச் சேந்த சொகோத்ரா தீவுல அதே வேர் சுறாவைக் குறிக்கு. எந்த ஊர்ல எது முக்கியமான சாப்பாடோ அதுல போய் ஒட்டிக்கிட்டுன்னு சார் சொன்னதும் தூத்தூர் அண்ணன் எழும்பி, "எங்க கரைக்கு வந்திருந்தாலும் சுறால தான் சார் நின்னிருக்கும்"ன்னாரு. அவங்க ஊரு சுறாப் பிடிக்குறதுல பேரெடுத்த ஊரு, அவரு சொன்னா சும்மா இல்ல.

எழுதுறதுக்கு க-த-ப (கிதாப்ங்கிற சொல்லோட வேர்) எல்லா மொழிலயும் இருக்கும்னு நெனச்சிருந்தவங்களுக்கு ஒரு பாடம் இருக்கு. அக்காடியன்ல எழுதுறதுக்கு வேற வேர், ஷதாரு, அரபில வரிக்குச் சொல்ற ஸத்ர் அதோட உறவு. கீஸ்ல இன்னொரு வேர், அதுல புத்தகம் மஸ்ஹஃப், குர்ஆன் பிரதிக்குச் சொல்ற முஸ்ஹஃப் அங்க இருந்து வந்ததுன்னு சொல்றாங்க.

கொறை உண்டு. நோட்ஸ் போட்டோகாப்பி ரொம்ப மோசம். அரபில ஜீம், ஹா, கா மூணும் ஒரே வடிவம், புள்ளி வச்சுத்தான் வித்தியாசம், அந்தப் புள்ளியே பிரிண்ட்ல விழல, வேரே மாறிப் போவுது. இத ஒடனே சரி பண்ணணும். அக்காடியன் பகுதிய ரொம்ப வேகமா ஓட்டிட்டாங்க, அத எழுதுற ஆப்பெழுத்து (களிமண்ணுல ஆப்பு மாதிரி குத்தி எழுதுறது) ஒரு படம் கூட காட்டல. ஃபேன் சத்தத்துல பின்னாடி இருக்குறவங்களுக்கு ஹா, ஐன்ங்கிற தொண்டை எழுத்து ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும், முன்னாடி போய் உக்காருங்க.

பீஸ் கம்மிதான், பிள்ளைங்களுக்குப் பாதி. எழுத்தே தெரியாதவங்களும் வரலாம், எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயும் எழுதிப் போடுறாரு. அஞ்சுக்கு நாலு குடுப்பேன், நோட்ஸ் சரி பண்ணினா அஞ்சு. சிரியாக் எழுத்துக்குத் தனியா ஒரு கிளாஸ் கேட்டிருக்கோம், ஆள் சேந்தா வைக்குறேன்னு சார் சொல்லிருக்காரு, வர்ற ஆசை இருந்தா இந்த ஞாயித்துக்கிழமையே வந்து பேரு குடுத்துருங்க மக்கா.