அப்டேட்டுக்குப் பிறகு தராசு பேசவில்லை: டிரைவரைத் திருப்புவதா, அப்டேட்டைக் கழற்றுவதா, காத்திருப்பதா?

புதன்கிழமை காலை ஏழரைக்கு அண்ணாச்சியிடமிருந்து போன். "தம்பி, தராசுல எடை காட்டுது, கம்ப்யூட்டர்ல ஏற மாட்டேங்குது. ராத்திரி அதுவா ஏதோ அப்டேட் ஆச்சு." கடைக்குப் போனால், பையன் துவரம்பருப்பைத் தராசில் வைத்து, எண்ணைக் கண்ணால் பார்த்து, கீபோர்டில் தட்டி பில் போட்டுக்கொண்டிருந்தான். கல்லாவுக்கு முன்னால் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். எட்டு கிராமுக்கும் எண்பது கிராமுக்கும் நடுவே ஒரு பூஜ்யம்தானே வித்தியாசம். அண்ணாச்சியின் கவலை அதுதான்.

புதன்கிழமை என்றதுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்தர அப்டேட்டை இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை பத்து மணிக்கு வெளியிடுகிறது. நமக்கு அப்போது செவ்வாய் இரவு பத்தரை. அங்கே குளிர்காலம் என்றால் பதினொன்றரை. கடையைப் பூட்டும்போது ஷட்டவுன் செய்யாமல் போகிற கணினி, விடியும்போது வேறு கணினியாக எழுந்திருக்கலாம்.

இப்படிப் பிரிண்டரோ ஸ்கேனரோ தராசோ ஹெட்போனோ திடீரென்று ஊமையாகிவிட்டால் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். டிரைவரை (சாதனத்தையும் விண்டோஸையும் பேசவைக்கும் குட்டி மென்பொருள்) பழையதுக்குத் திருப்பு, மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி ஏற்று, அப்டேட்டையே கழற்று, சிஸ்டம் ரீஸ்டோர் போடு, நாலு நாள் பொறு. ஐந்தும் ஒரே நோய்க்கான ஐந்து மருந்து மாதிரி சொல்லப்படுவதுதான் சிக்கல். எது பலிக்கும் என்பது, ராத்திரி உள்ளே வந்தது எது என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்: அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அப்டேட் ஹிஸ்டரி. விண்டோஸ் 11இல் அம்ச அப்டேட் (பெரிய பதிப்பு மாற்றம்), தர அப்டேட் (மாதாந்தரம் வருவது), டிரைவர் அப்டேட் என்று தனித்தனியாகத் தேதியோடு பிரித்து வைத்திருக்கும். அந்தத் தேதியில் ஒன்றுமே இல்லையென்றால் அப்டேட்டைத் திட்டுவதை விட்டுவிட்டுக் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்டேட் வந்த நாளிலேயே எலி கடித்த கேபிளையும் நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணாச்சி கடையில் டிரைவர் அப்டேட் பகுதியில் ஒரு வரி இருந்தது. தராசின் சீரியல் கேபிளை யுஎஸ்பியாக மாற்றும் குட்டிக் கேபிளுக்கான புதிய டிரைவர், முந்தைய நாள் தேதி. ஆக, பழி மாதாந்தர அப்டேட்டின் மேல் இல்லை. அதோடு சேர்ந்து வந்த விருந்தாளியின் மேல்.

டிரைவரைத் திருப்புவது

எனக்கு முதலில் கை போவது இதற்குத்தான். விண்டோஸ் தன் சாதனங்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், போர்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு வரி. இரட்டைச் சொடுக்கு செய்து டிரைவர் என்ற தாவலுக்குப் போனால் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் இருக்கும். அழுத்தினால் முந்தைய டிரைவர் வந்து உட்காரும். ஐந்து நிமிட வேலை, மற்ற எதையும் தொடாது, பாதுகாப்புத் திருத்தங்கள் அப்படியே இருக்கும். இந்த விலைக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது.

ஆனால் பல சமயம் அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். முந்தைய டிரைவரின் பிரதி கணினியில் இருப்பதாக விண்டோஸ் கருதவில்லை என்று அர்த்தம். அண்ணாச்சி கடையிலும் அப்படித்தான். இங்கேதான் பெரும்பாலோர் கைவிட்டுவிடுகிறார்கள். பக்கத்திலேயே 'அப்டேட் டிரைவர்' என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி, கணினியிலேயே தேடு என்று சொல்லி, அடுத்த திரையில் கீழே இருக்கும் 'பட்டியலில் இருந்து நானே எடுக்கிறேன்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால், ஒரே சாதனத்துக்கு இரண்டு மூன்று டிரைவர்கள் பதிப்பு எண்ணோடு வரிசையாக நிற்கலாம். பழைய எண்ணைத் தொட்டு நெக்ஸ்ட். பெயர்தான் அப்டேட், செய்வது பின்னோக்கிப் போகிற வேலை.

அங்கே பட்டியலில் இரண்டு இருந்தன. பழையதைப் போட்டதும் முக்கோணம் மறைந்தது. காரணம் அந்தக் கேபிளுக்குள் இருக்கிற சிப்பின் வயது. புதிய டிரைவர் பழைய சிப்பை அடையாளம் கண்டு, இதற்கு ஆதரவு இல்லை என்று கையை விரித்துவிட்டது. பழைய டிரைவருக்கு அந்த வம்பு இல்லை. சந்தையில் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற கேபிள்களில் இது சகஜம்.

டிரைவரைத் திருப்பினாலும் தீராத விபரீதமும் ஒருமுறை நடந்திருக்கிறது. 2014 அக்டோபரில், இந்த மாதிரிக் கேபிள்களுக்குச் சிப் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாகப் போனது. அது அந்நிறுவனச் சிப்பின் போலிகளைக் கண்டுபிடித்து, சிப்புக்குள்ளேயே இருக்கும் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதிவிட்டது. சேதம் கணினியில் இல்லை, சாதனத்தில். வேறு கணினியில் செருகினாலும் ஊமைதான். போலி என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. அதனால்தான் எந்த வைத்தியத்துக்கும் முன்னால் சாதனத்தை இன்னொரு கணினியில் ஒருமுறை செருகிப் பார்க்கச் சொல்கிறேன்.

அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது

டிவைஸ் மேனேஜரில் சாதனத்தை அன்இன்ஸ்டால் செய்து, டிரைவரையும் சேர்த்து நீக்கு என்ற கட்டத்தில் டிக் போட்டு, கணினியை ரீஸ்டார்ட் செய்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிய டிரைவரைப் போடுவது. பிரிண்டர்களுக்கு டிவைஸ் மேனேஜர் மட்டும் போதாது. பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்டீஸ் என்ற இடத்தில் டிரைவர் தொகுப்பையும் நீக்கினால்தான் பழைய குப்பை போகும். கோப்புகள் சிதைந்துபோன நிலையில் ரோல் பேக்கைவிட இதுதான் நம்பகமானது.

இதற்கு ஒரு மறைமுகச் செலவு இருக்கிறது. தராசு, பில் பிரிண்டர் போன்ற சீரியல் சாதனங்களுக்கு விண்டோஸ் ஒரு காம் (COM) எண் கொடுக்கும், எந்த வாசலில் சாதனம் இருக்கிறது என்று சொல்லும் எண். அழித்துவிட்டு மறுபடி ஏற்றும்போது காம் 3 என்று இருந்தது காம் 5 ஆகிவிடலாம். டிவைஸ் மேனேஜர் எல்லாம் சரி என்று சிரிக்கும். பில்லிங் மென்பொருளோ இன்னும் காம் 3இன் வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். அரை நாள் இதில் தொலைத்திருக்கிறேன். போர்ட் செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் உள்ளே போய் எண்ணைப் பழையபடி மாற்றினால் தீர்ந்தது. அந்த எண் பயன்பாட்டில் இருக்கிறது என்று விண்டோஸ் பயமுறுத்தினால், அது பெரும்பாலும் நீங்கள் சற்றுமுன் அழித்த அதே சாதனத்தின் ஆவிதான். அண்ணாச்சி கடையில் நான் இந்த வழிக்குப் போகாததற்கு அந்த அரை நாள்தான் காரணம்.

அப்டேட்டைக் கழற்றுவது

டிரைவர் பகுதியில் எதுவும் இல்லை, மாதாந்தர அப்டேட் மட்டும்தான் வந்திருக்கிறது, எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே கோளாறு என்றால் டிரைவரோடு மல்லுக்கட்டுவது வீண். 2021 மார்ச் 9 அன்று வந்த விண்டோஸ் 10 அப்டேட் இதற்கு நல்ல உதாரணம். சில பிரிண்டர்களுக்குப் பிரிண்ட் கொடுத்ததுமே கணினி நீலத் திரையோடு விழுந்தது. கோளாறு விண்டோஸுக்குள். அப்டேட்டைக் கழற்றியவர்கள் அன்றைக்கே வேலையைத் தொடர்ந்தார்கள். மார்ச் 15இல் அவசரத் திருத்தம் வந்தது. பக்கத்தில் படங்கள் விடுபட்டு வெற்றிடமாக அச்சாகும் கோளாறுக்காக 18ஆம் தேதி இன்னொன்று. ஆறு நாள் பிரிண்டே எடுக்காமல் ஒரு கடையால் இருக்க முடியுமா? அந்த வாரம் கழற்றியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதே வருடம் ஜூலையில் கதை வேறு. பிரிண்ட்நைட்மேர் என்ற பெயரில் அச்சு வேலைகளை வரிசையில் நிறுத்தி அனுப்பும் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் மோசமான ஓட்டை வெளிப்பட்டது. வெளியிலிருந்து ஒருவர் கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிடக்கூடிய அளவு. ஜூலை 6 அன்று அவசரமாக அடைத்தார்கள். அந்த அப்டேட்டைப் போட்ட சில இடங்களில் யுஎஸ்பி வழி இணைந்த லேபிள், ரசீது பிரிண்டர்கள், முக்கியமாக ஜீப்ரா நிறுவன வகைகள், நின்றுபோயின. பிரிண்டர் வேண்டுமென்று அப்டேட்டைக் கழற்றினால் ஓட்டை திறந்துகொள்ளும். கொடுமை என்னவென்றால், பிரிண்டர் கோளாறுக்கும் ஓட்டையை அடைத்த திருத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. இரண்டும் ஒரே மூட்டையில் வந்தன, அவ்வளவுதான். மூட்டையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து வெளியே வைக்க உங்களாலும் என்னாலும் முடியாது. மைக்ரோசாஃப்டால் முடியும்.

காத்திருப்பது

மைக்ரோசாஃப்ட் அப்படி ஒன்றை மட்டும் வெளியே எடுக்கும் வழிக்குப் பெயர் நோன் இஷ்யூ ரோல்பேக் (Known Issue Rollback), தெரிந்த கோளாறைத் திருப்புவது. பாதுகாப்பு சாராத திருத்தங்களைச் செய்யும்போது பழைய நிரல் பகுதியை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். புதியது சொதப்பினால் இணையம் வழியாக ஒரு சுவிட்சைத் தட்டி, அந்தப் பகுதியை மட்டும் பழையதுக்குத் திருப்பிவிடுவார்கள். உங்கள் கணினியை வந்தடைய 24 மணி நேரம் வரை ஆகலாம். ஒரு ரீஸ்டார்ட் போட்டால் சீக்கிரம் வரும். ஜீப்ரா பிரிண்டர்களுக்குச் சில நாட்களிலேயே இப்படித்தான் தீர்வு வந்தது. அவசரப்பட்டுக் கழற்றியவர்கள் ஓட்டையைத் திறந்து வைத்ததுதான் மிச்சம்.

காத்திருப்பதைச் சோம்பேறித்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. விண்டோஸ் ரிலீஸ் ஹெல்த் என்ற பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட கோளாறுகளும் தீர்வு நிலையும் இருக்கும். உங்கள் கோளாறு அங்கே இருந்தால் காத்திருக்கலாம். இல்லையென்றால், யாரும் வராத பஸ் ஸ்டாப்பில் நிற்கிறீர்கள்.

எவ்வளவு நாள் என்பதற்குக் கணக்கு இல்லை. 2025 ஜனவரி 14 அப்டேட்டில், யுஎஸ்பி 1.0 ஆடியோ டிரைவரை நம்பியிருந்த வெளி டிஏசி கருவிகள் (டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் ஏற்றபடி மாற்றுபவை) 'கோட் 10' என்ற பிழையைச் சொல்லி நின்றன. மைக்ரோசாஃப்ட் அப்போதைக்குச் சொன்ன மாற்றுவழி: டிஏசியை விட்டுவிட்டு ஒலிக்கருவியை நேராகக் கணினியில் செருகுங்கள். ஆயிரக்கணக்கில் கொட்டி டிஏசி வாங்கியவரிடம் சொல்கிற பேச்சா இது! விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு அந்த மாதக் கடைசியிலேயே முன்னோட்ட அப்டேட்டில் தீர்வு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே வாரம் பழைய பதிப்புகளுக்கு வந்த முன்னோட்ட அப்டேட் வேறொன்றைக் கெடுத்தது: சில யுஎஸ்பி பிரிண்டர்கள் தாமாகவே தாளைத் துப்ப ஆரம்பித்தன. பிரிண்டருக்கும் கணினிக்கும் நடுவே ரகசியமாகப் போக வேண்டிய கட்டளை வரிகள் எழுத்தாகவே அச்சாகி, பக்கம் பக்கமாக வெளியே வந்தன. அதற்குத் தீர்வு மார்ச்சில்தான். முன்னோட்ட அப்டேட் கட்டாயமில்லை. கடைக் கணினியில் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியில் பாதி கிடையாது, ஏனென்றால் தேர்வே கிடையாது. அப்டேட்டை மட்டும் சுலபமாகக் கழற்றும் பொத்தான் அங்கே இல்லை. 2024 மார்ச்சில் மேக்ஓஎஸ் 14.4க்குப் பிறகு மானிட்டர் வழி இணைத்த யுஎஸ்பி ஹப்கள் சில தெரியாமல் போயின. அந்த மாதமே 25ஆம் தேதி 14.4.1 வரும்வரை காத்திருந்தார்கள்.

சிஸ்டம் ரீஸ்டோர்

கணினியின் அமைப்பை மொத்தமாக முந்தைய ஒரு தேதியின் நிலைக்குத் திருப்புவது. எனக்குப் பிடிக்காத வழி. உங்கள் கோப்புகளைத் தொடாது என்பது உண்மைதான். ஆனால் இடையில் போட்ட மென்பொருள்களும் டிரைவர்களும் காணாமல் போகும். எது குற்றவாளி என்றும் கடைசிவரை தெரியாது. பல கணினிகளில் இது அணைந்தே இருக்கும். தேவைப்படுகிற அன்றைக்குத்தான் தெரியவரும். ரீஸ்டோரோ மற்றதோ, கணினி எழும்பவே இல்லையென்றால் மீட்புத் திரை வழியாகத்தான் செய்ய வேண்டும். 2025 அக்டோபர் 14 அப்டேட் அந்த மீட்புத் திரையிலேயே யுஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் செத்துப்போகச் செய்தது. விண்டோஸுக்குள் இரண்டும் வேலை செய்தன, மீட்புத் திரையில் மட்டும் இல்லை. தீயணைக்க வந்த வண்டியில் தண்ணீர் இல்லாத கதை. அக்டோபர் 20இல் திருத்தம் வந்தது.

(பெரிய அம்ச அப்டேட் என்றால் 'கோ பேக்' என்று தனி வழி உண்டு. பொதுவாக 10 நாள்தான் கெடு.)

எனவே என் கணக்கு இது: டிரைவர் பகுதியில் தேதி பொருந்தினால் ரோல் பேக், அது முடியாவிட்டால் பட்டியலில் தேடல், அதுவும் இல்லையென்றால்தான் அழித்து ஏற்றுவது. டிரைவர் வரவே இல்லையென்றால் ரிலீஸ் ஹெல்த் பக்கம். அங்கே கோளாறு இருந்து, பிழைப்பும் நின்றுபோயிருந்தால் மட்டும் கழற்றல். கழற்றினால் திருத்தம் வந்த அன்றைக்கே மறுபடி போட வேண்டும்.

அண்ணாச்சி கடையில் பழைய டிரைவரோடு தராசு பேசிவிட்டது. ஆனால் விண்டோஸ் விடாது. அடுத்த முறை புதிய டிரைவரை மறுபடி கொண்டுவந்து வைக்கும். ப்ரோ பதிப்பாக இருந்தால் அப்டேட்டோடு டிரைவரைச் சேர்க்காதே என்று குரூப் பாலிசி என்ற அமைப்பில் சொல்லிவிடலாம். அங்கே இருப்பது ஹோம். ஆகவே அப்டேட்டை ஐந்து வாரத்துக்கு நிறுத்தி வைத்தேன், ஒரே முறையில் அதற்கு மேல் நிறுத்த முடியாது. ஐந்து வாரம் பாதுகாப்புத் திருத்தம் இல்லாமல் ஒரு பில்லிங் கணினி இருப்பது எனக்கு உறுத்துகிறது. "புதுக் கேபிள் ஒண்ணு வாங்கிருவோம் அண்ணாச்சி, நல்ல சிப்பா" என்றேன். "இதுதான் ஓடுதே தம்பி" என்றார். கெடு வருகிற புதனோடு முடிகிறது. செவ்வாய்க்கிழமையே ஒரு கேபிளோடு போய் நிற்கலாம் என்றிருக்கிறேன்.