கவுன்சிலிங்கா, அம்மா வீட்டு கவனிப்பா? பிரசவத்துக்கு அப்புறம் வர்ற டிப்ரஷனுக்கு எது?

குழந்தை பொறந்து மூணு நாலு நாள்ல சும்மா சும்மா அழுக வர்றது நெறைய பேருக்கு உண்டு, ரெண்டு வாரத்துல அதுவே போயிரும், கூட ஆள் இருந்து தூங்க விட்டாலே போதும். ரெண்டு வாரம் தாண்டியும் அழுக நிக்கல, பிள்ளைய தூக்கவே மனசு வரல, பிள்ளை தூங்குனாலும் இவளுக்கு தூக்கம் வரலன்னா அது டிப்ரஷனா இருக்கலாம், பாத்துடணும்.

அம்மா வீட்டோட பலம் ராத்திரிதான். பால் குடுத்ததும் பிள்ளைய வாங்கி ஏப்பம் விட வெச்சு தூங்க வெக்க ஒரு ஆள் இருந்தா அவ சேந்தாப்ல கொஞ்ச நேரமாவது கண்ண மூடுவா, இத எந்த சைக்காலஜிஸ்ட்டும் தர முடியாது. ஆனா "பால் பத்தல", "நாங்கல்லாம் நாலு பெத்தோம்", "திரும்பவும் பொண்ணா"ன்னு பேச்சு வர்றதும் பெரும்பாலும் சொந்தக்காரங்க வாயிலருந்துதான். 2002ல வந்த கோவா ஆய்வுலயே பெண் குழந்தைன்ற ஏமாற்றமும் புருஷனோட அடி உதையும் டிப்ரஷனோட சேந்து வருதுன்னு காட்டுனாங்க. காயப்படுத்துறவங்ககிட்டயே எப்டி மனச தொறக்குறது? அதுக்கு வெளியாள்தான் வேணும்.

கவுன்சிலிங்லயும் ரெண்டு வழி இருக்கு. சிபிடின்னு ஒண்ணு, நினைப்பையும் நடத்தையையும் மாத்துற பேச்சு சிகிச்சை, அதுல "நான் நல்ல அம்மா இல்ல"ன்ற நினைப்ப பிடிச்சு அது உண்மைதானான்னு சேந்து யோசிக்க வெப்பாங்க, நல்ல பலன் உண்டு, ஆனா வீட்ல எழுதிப் பாக்க வேலை குடுப்பாங்க, கைக்குழந்தையோட அது சிரமம். இன்னொண்ணு ஐபிடி, அது உறவுகள பத்தின பேச்சு சிகிச்சை, புருஷன்கிட்ட உதவி கேக்குறது, மாமியாரோட வர்ற உரசல், வேலைய விட்ட வருத்தம், இதெல்லாம்தான் அங்க பேச்சே. நம்ம வீடுகளுக்கு ஐபிடிதான் பொருந்தும்னு அடிச்சு சொல்வேன், அதுல பயிற்சி எடுத்தவங்க கெடைக்கிறதுதான் கஷ்டம்.

எனக்கு ரொம்ப நம்பிக்கை குடுத்தது பாகிஸ்தான் கிராமங்கள்ல பண்ணது. ஊர் சுகாதாரப் பணியாளர்களுக்கே சிபிடி முறைய சொல்லிக்குடுத்து வீட்டுக்கு அனுப்புனாங்க, வீட்டு ஆளுங்களையும் சேத்துக்கிட்டாங்க. 2008ல வந்த முடிவுல, ஆறு மாசத்துல டிப்ரஷன் இருந்தவங்க இந்தப் பக்கம் 23 சதவீதம், சாதாரணமா வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போன பக்கம் 53. அதனால ரெண்டுல ஒண்ணுன்னு பிரிக்காதீங்க, ராத்திரிக்கு வீடு, பேச வெளியாள்.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, அது டெலி மானஸ்ன்ற அரசாங்க மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், காசு இல்ல. கொழப்பமா பேசுறா, இல்லாத குரல் கேக்குதுங்குறா, தன்னையோ பிள்ளையையோ ஏதாவது பண்ணிருவாளோன்னு பயமா இருக்குன்னா கவுன்சிலிங்குக்கு நாள் பாக்காதீங்க, அவள தனியா விடாம அப்பவே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க.