மவுஸ் நெட்ரின்-1: ஆறு வருடப் பழக்கத்தில் தெரிந்தது

எங்கள் ஆய்வகத்தின் மைனஸ் 80 ஃப்ரீசரில் இந்தப் புரதத்துக்கென்றே ஒரு பெட்டி ஆறு வருடமாக இருக்கிறது. மறுசேர்க்கை முறையில், அதாவது மரபணுவை வேறு செல்களுக்குள் செலுத்தித் தயாரித்த சுண்டெலி நெட்ரின்-1. கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும்போது ஆக்ஸான்களுக்கு (நரம்புச் செல்லிலிருந்து நீளும் இழைகளுக்கு) வழிகாட்டும் புரதங்களில் ஒன்று. பெயரிலேயே அது இருக்கிறது: சமஸ்கிருதத்தில் 'நேத்ரு' என்றால் வழிநடத்துபவர். நாம் கண்ணுக்குச் சொல்லும் நேத்திரமும் அதே வேர்தான்.

1994இல் நரம்பியல் ஆய்வாளர் மார்க் டெசியர்-லவீன் குழுவினர் கோழிக்கருக்களின் மூளையை ஆயிரக்கணக்கில் சேர்த்து, அதிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். இப்போது குப்பியில் பொடியாகவே வந்துவிடுகிறது. அந்த அருமை தெரியாமல் முதல் வருடம் நான் நிறைய வீணடித்தேன்.

பஃபரில் (உப்புள்ள தாங்கல் கரைசலில்) கரைக்கச் சொல்லியிருந்ததை, என்ன பெரிய வித்தியாசம் என்று வெறும் தண்ணீரில் கரைத்தேன். உப்பு குறைந்தால் நெட்ரின் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். கண்ணுக்குக் கரைசல் தெளிவாகவே தெரிந்தது, செல்களிடம் மட்டும் எந்த அசைவும் இல்லை. 'லாட் (தயாரிப்புத் தொகுதி) சரியில்லை' என்று தயாரிப்பாளருக்குக் கோபமாக ஒரு மின்னஞ்சலும் போட்டாயிற்று. பிறகு உண்மை புரிந்து மன்னிப்புக் கேட்டது தனிக்கதை.

அடுத்த தொல்லை, பிளாஸ்டிக். மிகவும் ஒட்டும் குணமுள்ள புரதம் இது. நானோகிராம் அளவுக்கு நீர்க்கச் செய்து சாதாரண டியூபில் வைத்தால் பெரும்பகுதி சுவரில்தான் இருக்கும். புரதம் ஒட்டாத டியூப், சுவரில் ஒட்டும் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் மாட்டு அல்புமின் புரதமான பி.எஸ்.ஏ. 0.1 சதவீதம், ஒருமுறைக்கு ஆகிற அளவில் பிரித்துவைத்த சின்னச் சின்ன அலிகாட். இந்த மூன்றும் வந்த பிறகுதான் முடிவுகள் நாளுக்கு நாள் ஒத்துப்போயின. உருக்கியதைத் திரும்ப உறையவைப்பதே இல்லை. குப்பியைத் திறக்குமுன் ஒரு சுற்று சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள், பொடி மூடியிலும் ஒட்டியிருக்கும்.

சரி, வேலை செய்கிறதா? அருமையாக. 11 நாள் சுண்டெலிக் கருவின் தண்டுவட முதுகுப்பக்கத் துண்டைக் கொலாஜன் ஜெல்லில் வைத்து நெட்ரின் சேர்த்தால், வெறுமனே விட்ட துண்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணாலேயே தெரியும். ஆக்ஸான்கள் கற்றை கற்றையாகக் கிளம்பி வரும். மூளைப் புறணி நியூரான்களில் மில்லிலிட்டருக்கு 250 நானோகிராம் போட்டுக் கிளை பிரிவதைப் பார்க்கிறோம், அதுவும் நன்றாக வருகிறது. அளவைக் கூட்டினால் விளைவும் கூடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். மூன்று நான்கு அளவுகளாவது வைத்துப் பாருங்கள்.

ஒருமுறை இரண்டு மாதம் எங்களைச் சுற்றவிட்டது லேமினின், செல்கள் பற்றிக்கொள்ள உதவும் ஒரு புரதம். புதிதாக வந்த தம்பி ஒருவர், செல் நன்றாக ஒட்டட்டும் என்ற நல்லெண்ணத்தில் தட்டில் வழக்கமாகப் பூசும் பாலி-டி-லைசினோடு லேமினினும் பூசிவிட்டார். லேமினினே ஆக்ஸானை வளரவைக்கும் என்பதால் நெட்ரின் போட்டதும் போடாததும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. தவளைக் கண்ணின் ஆக்ஸான்களில் லேமினின் இருந்தால் நெட்ரினின் ஈர்ப்பே விலக்கலாக மாறும் என்று 1999இலேயே வெளிவந்திருக்கிறது. படித்துத்தான் இருந்தேன், சமயத்தில் நினைவுக்கு வரவில்லை. கோட்டிங்கை மாற்றினால் நோட்டுப் புத்தகத்தில் எழுதியாக வேண்டும் என்பது அதன்பிறகு இங்கே சட்டம்.

கலவையாகக் கரைத்து ஊற்றும் பரிசோதனையை வைத்து, கருவுக்குள்ளும் இப்படித்தான் என்று எழுதத் தயங்குவேன். தண்டுவடத்தின் அடித்தட்டிலிருந்து (வயிற்றுப்பக்க நடுக்கோட்டுச் செல்களிலிருந்து) பரவும் நெட்ரின் தொலைவிலிருந்தே ஆக்ஸானை இழுக்கிறது என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தோம். அடித்தட்டில் மட்டும் அதை நீக்கினாலும் பெரும்பாலான ஆக்ஸான்கள் போய்ச் சேருகின்றன என்று 2017இல் சுண்டெலிகளில் காட்டினார்கள். முன்னோடிச் செல்கள் (நரம்புச் செல்களை உருவாக்கும் செல்கள்) தரும் நெட்ரின் வழியிலேயே படிந்திருந்து, அருகிலிருந்தே வேலை செய்கிறதாம். அதனால் இப்போது பாதி பரிசோதனைகளில் மீடியத்தில் கலக்காமல் தட்டில் கோடு கோடாகப் படியவைக்கிறேன். ஒட்டும் குணம் இங்கே நமக்குச் சாதகம்.

வாங்குமுன் முழு நீளப் புரதமா, சி பகுதி (புரதச் சங்கிலியின் கடைசிப் பகுதி) வெட்டியதா என்று தகவல் தாளில் பாருங்கள். ஹெப்பாரின் என்ற சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறோடு பிணைவதில் சி பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு. படியவைக்கும் வேலைக்கு நான் முழு நீளம்தான் வாங்குகிறேன். புது லாட் வந்தால் பழையதில் மிச்சம் வைத்த இரண்டு அலிகாட்டோடு ஒரே நாளில் ஓட்டிப் பார்த்த பிறகே பெட்டிக்குள் போகும்.