மாதக்கணக்கில் கப்பல் பயணம்: பழைய சின்னக் கப்பலா, புதிய பெரிய கப்பலா?

ஒரு வாரம், பத்து நாள் என்று போகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. புதிய பெரிய கப்பலில் ஏறிக்கொள்ளலாம். நீர்ச்சறுக்கு, நாடக அரங்கு, விதவிதமான உணவகங்கள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்து முடிப்பதற்குள் இறங்கும் நாள் வந்துவிடும். மூன்று, நான்கு மாதம் கப்பலிலேயே குடியிருப்பதென்றால் கணக்கு வேறு.

நான் அப்படி ஒரு பயணத்துக்குக் கப்பல் தேடியபோது கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, கட்டி இருபது வருஷத்துக்கு மேலான, சுமார் எழுநூறு பேர் போகும் கப்பல். மற்றது, அண்மையில் கடலில் இறங்கிய, மூவாயிரம் பேருக்கு மேல் ஏற்றும் கப்பல். போகும் வழியும் கட்டணமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பழையதில்தான் போனேன். யாராவது கேட்டால் இன்றும் அதையே சொல்வேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அந்த நிபந்தனையைப் பற்றித்தான்.

முதலில் அளவு. 2024-இல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலின் மொத்த டன்னேஜ் (எடை அல்ல, கப்பலின் உள்ளளவைக் காட்டும் எண்) 248,663. கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே 5,610 பயணிகள். இதற்கு மறுமுனையில், ரினெய்சன்ஸ் குரூசஸ் நிறுவனத்துக்காக 1998-க்கும் 2001-க்கும் இடையில் பிரான்ஸின் செயின்ட் நசேரில் ஒரே அச்சில் கட்டப்பட்ட எட்டுக் கப்பல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 30,000 டன்னேஜ், 181 மீட்டர் நீளம், எழுநூறுக்குச் சற்றுக் குறைவான பயணிகள். அந்த நிறுவனம் 2001-லேயே திவாலாகிவிட்டது. கப்பல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கை மாறி மாறி ஓஷியானியா, அஸமாரா என்ற இரண்டு கப்பல் நிறுவனங்களிடம் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றான இன்சிக்னியா 180 நாள் உலகப் பயணங்களே போயிருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. ஐகானை வைத்திருக்கும் அதே ராயல் கரீபியன், 2023 டிசம்பரில் 274 இரவு உலகப் பயணம் ஒன்றைத் தொடங்கியபோது அனுப்பியது 2003-இல் கட்டிய செரினேட் ஆஃப் தி சீஸ் கப்பலை. டன்னேஜ் சுமார் 90,000, அதாவது ஐகானில் பாதிகூட இல்லை. உலகத்தின் மிகப் பெரிய கப்பல்களைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு நிறுவனம் நீண்ட பயணத்துக்குப் பழையதை எடுக்கிறதென்றால், அதற்குக் காரணம் இல்லாமல் இருக்காது. செரினேடின் அகலம் பனாமா கால்வாயின் பழைய லாக்குகளுக்குள்ளேயே (கப்பலை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டிகள்) அடங்கும். பல துறைமுகங்களுக்கும் அந்த அளவுதான் சௌகரியம்.

சரி, யாருக்கும் தெரிந்த வித்தியாசங்களைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். கேளிக்கையில் பெரியதுதான் மேல், சந்தேகமே இல்லை. பால்கனி வேண்டுமென்றால் புதியது. பழையவற்றில் பல கேபின்களுக்கு ஜன்னலோ வட்டக் கண்ணாடியோதான். குளியலறை பழையதில் குறுகல், திரைச்சீலை காலில் ஒட்டும். சாப்பாடு கப்பலின் வயதைப் பொறுத்தது அல்ல, நிறுவனத்தைப் பொறுத்தது. சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்குப் புதிய கப்பலே வசதி, ஏனென்றால் பழையவற்றில் சில கதவுகளுக்கு உயரமான வாசற்படி உண்டு. குழந்தைகளோடு போகிறவர்களும் யோசிக்காமல் பெரியதை எடுக்கலாம்.

துறைமுகம் அப்படி ஒரு வரியில் முடிகிற விஷயம் அல்ல. பயண அட்டவணையில் 'பாங்காக்' என்று போட்டிருக்கும். பெரிய கப்பல் நிற்பது லேம் சபாங்கில். அங்கிருந்து நகரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு பகல் கிடைத்தால் அதில் நாலு மணி நேரம் பேருந்திலேயே போய்விடும். சின்னக் கப்பல்கள் சாவ் பிரயா ஆற்றில் ஏறி குளோங் தோய் துறைக்கே வரலாம். ஹோ சி மின் நகரமும் அப்படித்தான். பெரியவை தொலைவில் 'பூ மி' என்ற துறைமுகத்தில் நின்றுவிட, சின்னவை சைகோன் ஆற்று வழியாக ஊருக்குள் வந்து நிற்கும். பிரான்ஸில் போர்தோ நகரத்தின் நடுவிலேயே ஆற்றங்கரையில் கட்டலாம்.

நீண்ட பயணத்தில் இது நாற்பது, ஐம்பது முறை நடக்கிற விஷயம் என்பதை மறக்கக் கூடாது. கரையில் கட்ட முடியாத இடங்களில் டெண்டர் படகில்தான் இறங்க வேண்டும். மூவாயிரம் பேருக்கு டோக்கன் கொடுத்துப் படகில் இறக்குவதற்குள் காலை ஓடிவிடும். எழுநூறு பேரென்றால் காப்பி குடித்துவிட்டு நிதானமாகப் போனாலும் இடம் கிடைக்கும். அண்டார்க்டிகா வழியில் இருந்தால் பேச்சே இல்லை: 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து அங்கே யாரும் கரையிறங்க முடியாது. எழுநூறு பேர் கப்பலுக்கும் அதே கதிதான்.

அதற்காக, சின்னது என்றால் எல்லா வாசலும் திறக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். வெனிஸில் 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னேஜைத் தாண்டிய கப்பல்கள் ஜூதெக்கா கால்வாய்க்குள் வரக் கூடாது. மேலே சொன்ன எட்டுக் கப்பல்களுமே அந்த வரம்புக்கு வெளியேதான்.

ஆட்டம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சின்னக் கப்பல் கூடுதலாக ஆடும், அதை மறைக்க முடியாது. பக்கவாட்டு ஆட்டத்தை ஸ்டெபிலைசர் துடுப்புகள் நன்றாகவே அடக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பழைய கப்பல் என்றால் ஆழமாக அமிழ்ந்து நிலையாகப் போகும் என்பார்கள். அது அந்தக்கால நெடுங்கடல் கப்பல்களுக்குப் பொருந்தும். 2004-இல் வந்த குவீன் மேரி 2 அந்த மரபில் கட்டியது, நீருக்கடியில் பத்து மீட்டருக்கு மேல் இருக்கும். நான் சொன்ன 30,000 டன்னேஜ் கப்பல்கள் ஆறு மீட்டர் அளவுக்குத்தான் அமிழும், அதனால்தான் ஆறுகளில் ஏற முடிகிறது. ஒன்றை வாங்கினால் இன்னொன்றை விட வேண்டியதுதான். எனக்கு வாய்த்த கடல் பெரும்பாலும் சாதுவானது, ஆகவே தென்முனைக் கடல்களில் எப்படி இருக்கும் என்று என் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இனி அந்த நிபந்தனை. பழைய கப்பலை எடுக்கும்போது கட்டிய வருஷத்தைப் பார்ப்பதைவிட, கடைசியாக எப்போது உலர்துறைக்குப் போனது, அங்கே என்ன வேலை நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். பழைய கார் வாங்குகிறவர் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டுவது மாதிரிதான்.

உலர்துறை என்றால் கப்பலைத் தொட்டிக்குள் விட்டு, தண்ணீரை இறைத்துவிட்டு, அடிப்பாகத்தை வெளியே கொண்டுவந்து செய்யும் வேலை. பயணிகள் கப்பலின் அடிப்பாகத்தை ஐந்து வருஷத்தில் குறைந்தது இரண்டு முறையாவது சோதிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. வருஷாந்திரச் சோதனை தனி. ஆகவே எந்தக் கப்பலும் உலர்துறை பார்க்காமல் ஓடுவதில்லை. விஷயம் அங்கே என்ன செய்கிறார்கள் என்பதில்தான். நிறுவனங்கள் 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்று விளம்பரம் செய்யும். படங்களைப் பார்த்தால் புதுக் கம்பளம், புது மெத்தை, மதுக்கூடத்தில் புது விளக்குகள். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். மூன்று மாதம் குடியிருக்கிறவருக்கு முக்கியமானவை சுவருக்குப் பின்னால் இருக்கின்றன: தண்ணீர்க் குழாய், கழிவைக் காற்றால் உறிஞ்சி இழுக்கும் வெற்றிடக் குழாய், குளிர்சாதனம், ஜெனரேட்டர்.

நான் போன கப்பலில் ஓர் இரவு எங்கள் நடைபாதை முழுவதும் கழிவறைகள் நின்றுவிட்டன. பொத்தானை அழுத்தினால் சத்தம் வரும், இழுக்காது. வெற்றிட அமைப்பில் ஒருவர் போடக் கூடாததைப் போட்டாலும் ஒரு வரிசையே அடைத்துக்கொள்ளும். இது புதுக் கப்பலிலும் நடக்கும். வித்தியாசம், பழைய குழாய்களில் உள்ளே படிவு ஏறி விட்டம் குறைந்திருக்கும், அதனால் சீக்கிரம் அடைக்கும். விடிவதற்குள் சரிசெய்துவிட்டார்கள். பத்து நாள் பயணத்தில் இது நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்க ஒரு கதை. நூறு நாளில் அடிக்கடி நடந்தால் வாழ்க்கையே அதுவாகிவிடும்.

பராமரிப்பை நேரில் பார்ப்பது எப்படி? காலையில் வெளித்தளத்தில் நடந்து பாருங்கள். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிப்பது யாராலும் தடுக்க முடியாதது. நல்ல கப்பலில் தினமும் இரண்டு மூன்று பேர் எங்கேயாவது குந்தியிருப்பார்கள். ஒருவர் சுத்தியலால் டக் டக்கென்று தட்டித் துருவை உதிர்ப்பார், அடுத்தவர் கம்பித் தூரிகையால் தேய்ப்பார், அப்புறம் ப்ரைமர், காய்ந்த பிறகு வெள்ளைப் பெயின்ட். அடுத்த நாள் பத்தடி தள்ளி அதே வேலை. பயணம் முழுக்க அது நிற்கவே இல்லை. சிலர் இந்தச் சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுத்தார்கள். எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறவரை நிம்மதி. துருவைத் தட்டாமலே மேலே பெயின்ட் அடித்திருந்தால் கொப்புளம் கொப்புளமாகத் தெரியும். கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் போதும்.

ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஏழு இலக்க ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் உண்டு. பெயர் மாறலாம், கொடி மாறலாம், முதலாளி மாறலாம், அந்த எண் மாறாது. அதை வைத்து ஈக்வாசிஸ் (Equasis) என்ற இணையதளத்தில் தேடினால், இலவசமாகப் பதிவு செய்துகொண்டு, துறைமுகச் சோதனைகளில் என்னென்ன குறைகள் கண்டார்கள், எப்போதாவது தடுத்து வைத்தார்களா என்று பார்க்கலாம். குறைகள் இருப்பதே குற்றம் இல்லை; ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால்தான் யோசிக்க வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பலென்றால் அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் சுகாதாரச் சோதனை மதிப்பெண்ணும் பொதுவில் கிடைக்கும், நூற்றுக்கு இத்தனை என்று.

வயதைவிட மோசமானது சும்மா நிற்பது என்பது என் அபிப்பிராயம். இதற்கு ஒரே கப்பலின் இரண்டு கதைகள். 1993-இல் கட்டிய பிரேமார் 2019 அக்டோபரில் கிரேக்கத்தின் கொரிந்த் கால்வாயைக் கடந்தது. கப்பலின் அகலம் இருபத்திரண்டரை மீட்டர், கால்வாய் சில இடங்களில் இருபத்துநாலுதான். அதைக் கடந்த மிக நீளமான கப்பல் அதுதான். பழைய சின்னக் கப்பல் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2020-இல் தொற்றுக் காலத்தில் நிறுத்தியவர்கள் மறுபடி ஓட்டவில்லை. பிறகு வில்லா வீ என்ற நிறுவனம் வாங்கி, ஒடிசி என்று பெயர் மாற்றி, பல வருஷ உலகப் பயணத்துக்குத் தயார் செய்தது. 2024 மே கடைசியில் கிளம்ப வேண்டியது. சுக்கான் தண்டு, கியர்பாக்ஸ் வேலைகளால் பெல்பாஸ்டிலேயே நான்கு மாதம் நின்றது. பயணிகள் ஊரைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் கிளம்பத்தான் செய்தது. ஆனால் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவருக்கு அந்த நாலு மாதம் எப்படி இருந்திருக்கும்!

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: உலர்துறையிலிருந்து வெளியே வந்ததும் கிளம்பும் முதல் பயணத்தில் இடம் பிடிக்காதீர்கள், வேலை நீண்டால் அந்தப் பயணம்தான் தள்ளிப்போகும். அடுத்த உலர்துறைக்குச் சற்று முன்னால் முடியும் பயணமும் வேண்டாம், 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று எல்லாப் பழுதையும் ஒத்திவைக்கிற சமயம் அது. வேலை முடிந்து மூன்று நாலு மாதம் ஓடிய கப்பல்தான் தோது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எரியக்கூடிய பொருள்களால் கட்டிய பழைய கப்பல்களுக்கு 2010 அக்டோபரிலிருந்து சர்வதேச விதி வாசலை மூடிவிட்டது, மர வேலைப்பாடு நிறைந்த பல கப்பல்கள் உடைக்கப் போயின. இன்று பழையது என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை 1990-களையும் அதற்குப் பிறகையும் சேர்ந்தவை, ஆகவே அந்தப் பயம் தேவையில்லை.

பெரிய கப்பலுக்கும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அதில் நான் குறுகிய பயணம்தான் போயிருக்கிறேன். இத்தனை மாதம் அதில் இருந்தவர்கள் சிலர், கூட்டத்தில் தனியாக இருக்க முடிவதே அதன் வசதி என்கிறார்கள். அதில் உண்மை இருக்கலாம். எழுநூறு பேர் கப்பலில் இரண்டாவது வாரத்திலேயே எல்லா முகமும் தெரிந்துவிடும், பிடிக்காத முகமும் சேர்த்து. ஒளிந்துகொள்ள இடமில்லை. எனக்கு அது ஒத்துப்போயிற்று, எல்லோருக்கும் போகாது.

பழையதையே எடுப்பதென்று முடிவானால், கேபினைத் தளவரைபடத்தை வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். நீளத்தில் நடுப்பகுதி, கீழ்த்தளம், மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கிற இடமாகப் பாருங்கள். சமையலறைக்கு அடியில் இருந்தால் விடியற்காலை நாலு மணிக்கே வண்டிகள் உருளும். முன்முனையில் நங்கூரச் சங்கிலி, பின்முனையில் எந்திர அதிர்வு. குளிர்சாதனம் சரியாக வரவில்லையென்றால் முதல் இரண்டு நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். மாற்றிக் கொடுக்கக் காலி கேபின் இருந்தாலும் அதற்குப் பிறகு இருக்காது.