ஆமை விளம்பரங்களில் நான்கு சொல், நான்கு நம்பகம்

ஆமை விற்பவர்கள் பொதுவாக நான்கு வார்த்தைகளைப் போடுவார்கள்: காட்டில் பிடித்தது, பல வருடம் வளர்ப்பில் இருந்தது, வளர்ப்பில் பொரித்தது, வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்தது. கேட்கும்போது படிப்படியாகத் தரம் ஏறுவது போல இருக்கும். நம்பகத்தை வைத்துப் பார்த்தால் என் வரிசை வேறு: இரண்டாவதுதான் கடைசி.

‘காட்டில் பிடித்தது’ என்பதில் மழுப்பல் இல்லை. உடம்பில் நீர் வற்றியிருக்கலாம், குடலில் புழு இருக்கலாம், தீனியைத் தொடாமல் கிடக்கலாம் என்று வாங்குபவருக்கு முன்பே தெரியும். வாங்கலாமா என்றால், கூடாது என்பேன். ஆமை பருவத்துக்கு வரவே பல வருடம் ஆகும். முட்டையிடும் ஒரு பெண் ஆமையைத் தூக்கிவிட்டால் அந்த இடம் ஈடாக ரொம்ப நாள் பிடிக்கும்.

‘பல வருடம் வளர்ப்பில் இருந்தது’ என்பதும் பெரும்பாலும் அதே காட்டு ஆமைதான், கொஞ்சம் மெருகேற்றியது. எத்தனை வருடம், யார் கையில் என்று கேட்டால் பல சமயம் பதில் வராது. காலம் போனால் புழுவும் போய்விடும் என்று நினைப்பதும் தப்பு. சில குடற்புழுக்களின் முட்டை மலத்தோடு விழும்; ஆமை அதே மண்ணில் மேயும்போது திரும்ப வயிற்றுக்குள் போகும். சரியாகச் சுத்தம் செய்யாத தொட்டியில் நாளாக ஆகப் புழு கூடத்தான் செய்யும். பல இன ஆமைகளை ஒன்றாகப் போட்டிருந்தால் ஹெர்பீஸ் வைரஸ் பயம் வேறு: ஒன்று நோய் காட்டாமல் சுமக்கும், பக்கத்தில் இருப்பது செத்துப்போகும். ஒரு மலப் பரிசோதனை சுத்தமாக வந்தாலும் போதாது, இடைவெளி விட்டு மறுபடி செய்ய வேண்டும்.

பன்னாட்டு வனவிலங்கு வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் குறியீடுகளில் ‘பல வருடம் வளர்ப்பில் இருந்தது’ என்று ஒரு வகையே இல்லை. பத்து வருடம் தொட்டியில் இருந்தாலும் காட்டில் எடுத்தது ‘டபிள்யூ’தான்.

‘வளர்ப்பில் பொரித்தது’ உண்மையாகவே இருக்கலாம், ஆனால் பாதி உண்மை. சினையோடு பிடித்த பெண் ஆமை தொட்டியில் முட்டையிட்டாலும் குஞ்சுக்கு இந்தப் பெயர் பொருந்தும். சைட்டிஸ் அதை ‘எஃப்’ என்று தனியே வைக்கிறது. தாயும் தந்தையும் வளர்ப்பிலேயே இணைசேர்ந்திருந்தால்தான் ‘சி’, அதாவது ‘வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்தது’ என்ற குறியீடு, கிடைக்க வழி உண்டு. காட்டிலிருந்து முட்டையாகவோ குஞ்சாகவோ எடுத்து வளர்த்தால் அது ‘ஆர்’.

நான்காவதுதான் வாங்கத் தக்கது, அதுவும் பெற்றோரின் படமும் பொரித்த தேதியும் கையில் கிடைத்தால். முழு வளர்ச்சியடைந்த ஆமையை இந்தப் பெயரில் மலிவாகத் தந்தால் நான் நம்பமாட்டேன். அத்தனை வருடம் தீனி போட்டவர் அந்த விலைக்கு விடமாட்டார். ஆமையின் ஓடு எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள்: தேய்ந்து வழவழப்பான வளையங்களும் ஆறிப்போன பழைய கடித்தழும்பும் பெரும்பாலும் காட்டு வாழ்க்கையைக் காட்டும். கூம்பு கூம்பாக மேடுபட்ட ஓடு வளர்ப்பில் வளர்ந்த நில ஆமைகளிடம் அதிகம் தெரியும். இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் விற்பவர் சொல்லும் கதையோடு ஓடு ஒத்துப்போகவில்லை என்றால் காசை எடுக்காமல் திரும்பிவிடலாம்.