நுளம்புக் குடம்பி பார்க்க வாங்கிய போன் நுணுக்குக்காட்டி: மூன்று மாதப் பாவனைக்குப் பிறகு

போனில் கிளிப் மாதிரி மாட்டுகிற சின்ன நுணுக்குக்காட்டி ஒன்றை ஹட்டன் டவுனில் 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். 60 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மலேரியா ஒரு ஊருக்குள் எப்படிப் பரவுகிறது என்று கரும்பலகையில் படம் கீறிக் கீறி அலுத்துப்போய்த்தான் வாங்கினேன்.

முதலில் லயத்துக்குப் பின்னால் கிடந்த பழைய பெயின்ட் வாளித் தண்ணீர். அதிலிருந்த குடம்பிகள் எல்லாம் வாலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கின, வாலிலுள்ள சுவாசக் குழாய் நன்றாகவே தெரிந்தது. அப்புறம் ஒரு சனிக்கிழமை கித்துல்கலைப் பக்கம் போனபோது, ஆற்றோரப் பாறைக் குழியில் தேங்கியிருந்த தெளிந்த தண்ணீரைப் போத்தலில் எடுத்து வந்தேன். இதிலிருந்த நாலைந்தும் தொங்கவில்லை, நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தன, வாலில் குழாயும் இல்லை. மலேரியாவைப் பரப்புகிற அனோபிலிஸ் வகை நுளம்பின் குடம்பிகள்! ஒன்று உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் முழுதாகத் திருப்பி, வாய் மயிர்களால் தண்ணீரை வாரி வாரி இழுத்ததைப் பிள்ளைகள் போனைச் சுற்றி நின்று மூச்சுவிடாமல் பார்த்தார்கள். இந்த ஒரு காட்சிக்கே கொடுத்த காசு சரி. ஆனால் அனோபிலிஸில் எந்த இனம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

அன்று வகுப்பு வேறு மாதிரிப் போனது. 1934-35இல் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குழிகுழியாகத் தேங்கியதில்தான் இந்த நுளம்பு பெருகி, கேகாலை, குருநாகல் பக்கமெல்லாம் மலேரியா கொள்ளைநோயாகப் பரவி, நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள் என்று சொன்னேன். நோயாளியைக் கடித்த பெண் நுளம்பின் உடலில் ஒட்டுண்ணி முதிர 10 முதல் 14 நாள் வரை ஆகும், 16 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் அது முதிரவே முதிராது, உயரத்துத் தோட்டங்களுக்கு அந்தக் குளிர்தான் காவல் என்றும் சொன்னேன். “அப்போ அந்த நுளம்பு செத்துப்போகாம இருந்து, ரெண்டாவது ஆளையும் கடிக்கணுமா சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். பரவலின் கணக்கு முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. வலைக்குள் படுப்பதும் சுவருக்கு மருந்தடிப்பதும் அந்த இரண்டாவது கடியைத் தடுக்கத்தான்.

இனி குறை. கிளிப் வழுக்குகிறது, பற்றரி சீக்கிரம் இறங்குகிறது, இதெல்லாம் பரவாயில்லை. ஆனால் இரத்தத்தில் மலேரியாக் கிருமியைப் பார்க்கலாம் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறார்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. சாயமிட்ட இரத்தப் பூச்சை 1,000 மடங்கு பெரிதாக்கி, பழகிய கண் பார்த்தால்தான் அது தெரியும். நம் நாட்டுக்குள்ளேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில், மலேரியா அற்ற நாடு என்ற சான்று 2016இல் கிடைத்தது. நுளம்பு போகவில்லை, நோயும் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தியாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போய்வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், எங்கே போனேன் என்று சொல்லி இரத்தம் சோதிக்க வேண்டும், அதற்குக் காசும் இல்லை. பெட்டியில் அச்சடித்ததை நம்பி ஒருவர் வீட்டில் இருந்துவிட்டால்?

அதற்காகவே ஒரு நட்சத்திரம் குறைத்து நாலு. வாங்குகிறவர்கள் கிளிப்பில் ரப்பர் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பார்த்து முடிந்ததும் அந்தத் தண்ணீரைக் கானில் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் ஊற்றிவிடுங்கள்.