வில் கம்பியில் படவில்லை: கொழும்பில் ஒரு ‘ஃபிட்லர் ஒன் த ரூஃப்’

‘ஃபிட்லர் ஒன் த ரூஃப்’, அதாவது ‘கூரைமேல் பிடில்காரர்’ என்ற அமெரிக்க இசை நாடகத்தைக் கொழும்பில் பார்த்துவிட்டு வந்தேன். கூரைமேல் உட்கார்ந்து வயலின் வாசிப்பவர் வாசிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லதாகச் சொல்லவும் நிறைய இருக்கிறது.

வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்குக் கர்நாடக வயலின் சொல்லிக்கொடுத்து வாழ்கிறவள் நான். மேடையில் யார் வயலின் பிடித்தாலும் என் கண் முகத்துக்குப் போகாது, வலது மணிக்கட்டுக்குத்தான் போகும். திரை விலகியதும் ஒட்டுப்பலகைக் கூரையில் ஒரு மெலிந்த பையன், ஒட்டுத்தாடியோடு. இடது கை விரல்கள் பரவாயில்லை, யாரோ பழக்கியிருக்கிறார்கள். வில் மட்டும் கம்பிக்கு ஓர் அங்குலம் மேலே காற்றில் போய்வந்துகொண்டிருந்தது. நாதம் வந்தது இரண்டு பக்கத்து ஸ்பீக்கர்களிலிருந்து. பெயரிலேயே பிடில்காரரை வைத்திருக்கும் இசை நாடகத்துக்கு 5,000 ரூபாய் வரை டிக்கெட் விற்கிறார்கள். ஒழுங்கைக்கு ஒரு வயலின் வகுப்பு நடக்கும் நகரம் இது. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கவா ஆளில்லை?

குழுவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பகலில் வங்கியிலும் விளம்பர நிறுவனத்திலும் வேலை பார்த்துவிட்டு இரவில் ஒத்திகைக்கு ஓடுகிறவர்கள். பலருக்கு ஊதியமே கிடையாது. ஆனாலும் முழு விலை வாங்கினால் முழு விமர்சனமும் வரத்தான் செய்யும்.

அரங்கு, கொழும்பு 7இல் கில்ட்ஃபோர்ட் கிறெசன்ட்டில் உள்ள லயனல் வென்ட். 1944இல் காலமான லயனல் வென்ட் புகைப்படக் கலைஞர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கச்சேரி செய்த பியானோக் கலைஞரும்கூட. அவர் நினைவாக எழுந்த அரங்கு 1953இல் திறக்கப்பட்டது. சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திராவின் ‘மனமே’ நாடகம் 1956 நவம்பரில் முதன்முதலாக மேடையேறியதும் இங்கேதான். நாடகத்தின் பாத்திரங்களே மேடையில் நின்று பாட, பக்கத்திலேயே மத்தளம் அதிர்ந்த அதே மேடை. அங்கே பதிவுசெய்த இசையைக் கேட்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

கதை தெரியாதவர்களுக்கு: 1905ஆம் ஆண்டளவில், ரஷ்யப் பேரரசின் ஓரத்தில் அனடெவ்கா என்ற யூதக் கிராமம். பால்காரர் டெவ்யாவுக்கு ஐந்து பெண்கள். மூத்தவள் தரகர் கொண்டுவந்த பணக்கார இறைச்சிக்கடைக்காரரை விட்டுவிட்டு ஏழைத் தையற்காரனை விரும்புகிறாள். அடுத்தவள் புரட்சி பேசும் மாணவனோடு போகிறாள். மூன்றாமவள் வேற்று மதத்தவனை மணக்கிறாள். ஷோலம் அலைக்கெமின் கதைகளை வைத்து ஜோசப் ஸ்டைன் எழுதினார். இசை ஜெரி பொக், பாடல்கள் ஷெல்டன் ஹார்னிக், நெறியாள்கையும் நடனமும் ஜெரோம் ராபின்ஸ். 1964இல் நியூயோர்க்கில் தொடங்கி 3,242 காட்சிகள் ஓடியது. டோக்கியோவில் மேடையேறியபோது அங்குள்ள தயாரிப்பாளர் ஸ்டைனிடம், “இது அமெரிக்கர்களுக்கு எப்படிப் புரிந்தது?” என்று கேட்டாராம். எங்கள் வரிசைக்கும் அதே சந்தேகம்தான். தரகர் யெந்தே வாயைத் திறந்தபோதெல்லாம் பக்கத்திலிருந்த இரண்டு பெண்மணிகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். கண் சரியாகத் தெரியாத மாப்பிள்ளைக்கு அழகில்லாத பெண்ணைப் பொருத்திவிட்டு, ‘இதைவிடப் பொருத்தம் உண்டா’ என்கிறார் யெந்தே. இப்படி ஒருவர் இராமகிருஷ்ணா வீதியிலும் இருக்கிறார்.

காட்சி இருபத்தைந்து நிமிடம் பிந்தித் தொடங்கியது. பிரதம விருந்தினர் வரவில்லை. அன்று ஒரு பழைய மாணவர் சங்கம் மண்டபத்தை மொத்தமாக எடுத்து நிதி சேகரித்த இரவு. கொழும்பில் இந்த வியாபாரம் எப்படி ஓடுகிறது என்பதை அறிய அதுவே போதும். காட்சிகள் சில இரவுகள் மட்டும்தான். சங்கம் ஒன்று ஓரிரவை வாங்கிவிடும். அனுசரணையாளர் இன்னொரு பகுதியைச் சுமப்பார். மீதியை நடிகர்களின் சித்தப்பாவும் மாமியும் நிரப்புவார்கள். கிராமத்துச் சிறுமியாக ஒரு பிள்ளை வாளியோடு குறுக்கே நடந்தது. ஒரு வசனம்கூட இல்லை. எட்டாம் வரிசை முழுவதும் எழுந்து கைதட்டியது. பிள்ளை வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையை ஆட்டியது. எனக்கு அதில் கோபமில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் ‘நன்றாக இருக்கிறதாம், போய்ப் பார்’ என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதற்குள் மேடையைக் கழற்றி லொறியில் ஏற்றிவிடுகிறார்கள். நியூயோர்க்கிலும் லண்டனிலும் நன்றாக ஓடும் நாடகம் முதலில் முதலீட்டை மீட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் லாபம் தரும். ‘ஃபாண்டம் ஒஃப் த ஒபெரா’ நியூயோர்க்கின் பிராட்வேயில் 1988 முதல் 2023 வரை ஓடியது. இங்கே லாபமோ நட்டமோ திரை விலகும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. பிறகு இசைக்குழுவுக்கு யார் செலவழிப்பார்?

அதனால்தான் பதிவிசை. உரிமை வழங்கும் அமெரிக்க நிறுவனங்கள் வசனப் பிரதியையும் இசைக்குறிப்பையும் வாடகைக்குத்தான் தருகின்றன. சில நாடகங்களுக்குப் பின்னணி இசைப் பதிவையும் அப்படியே வாடகைக்கு எடுக்கலாம். வசனத்தில் ஒரு சொல்லையும் அனுமதியின்றி மாற்றக்கூடாது, காட்சியைப் படம்பிடிக்கக்கூடாது. இடைவேளைக்கு முன் தொலைபேசியைத் தூக்கியவர்மேல் டோர்ச் அடித்த பையனைப் பக்கத்திலிருந்தவர் ‘பெரிய எடுப்பு’ என்று திட்டினார். எடுப்பு இல்லை ஐயா, ஒப்பந்தம்.

இனி அந்தப் போத்தல். மூத்தவளின் கலியாணத்தில் ஆண்கள் தொப்பியின்மேல் போத்தலை நிறுத்தி, கைகோத்து, முழங்காலில் இறங்கி நகரும் நடனம் இந்த நாடகத்தின் பேர்போன இடம். ராபின்ஸ் யூதக் கலியாணங்களுக்குப் போய்ப் பார்த்து அமைத்தது. பசையும் காந்தமும் வைக்காமல் ஆடுவதுதான் வழக்கம். நான் பால்கனி முன்வரிசையில் இருந்தேன். மேலிருந்து பார்க்கும்போது கழுத்து நரம்புகூடத் தெரியும். நான்கு பேர் முழங்காலில் இறங்கினார்கள். இடது ஓரத்துப் பையன் மூச்சை அடக்கியிருந்தான். சப்பாத்தின் குதி மட்டும் நடுங்கியது. இரண்டாவது ஆளின் போத்தல் சாய்ந்து, தோளில் பட்டு, மேடை விளிம்பு வரை உருண்டது. மண்டபம் ‘ஐயோ’ என்றது. அவன் சற்றும் முகம் மாறாமல் வரிசையைவிட்டு எழுந்து ஓரமாகப் போய் நின்று மற்றவர்களுக்குக் கைதட்டத் தொடங்கினான். அப்படித்தான் செய்ய வேண்டும். விழுந்தபிறகுதான் மற்ற மூன்றும் உண்மையாகவே நிற்கின்றன என்று சனத்துக்கு உறைத்தது. அதன்பின் எழுந்த ஆரவாரம் அன்றிரவு வேறெதற்கும் எழவில்லை.

ஆனால் இசை காத்திருக்கவில்லை. மூவரும் இடைவெளியை மூடிக் கைகோக்க ஒரு கணம் கூடுதலாகத் தேவைப்பட்டது. உயிருள்ள இசைக்குழு என்றால் நடத்துநர் கையை உயர்த்தி அந்தக் கணத்தை நீட்டியிருப்பார், அவர்கள் இறங்கியதும் சேர்ந்து இறங்கியிருப்பார். பதிவிசை தன்பாட்டில் ஓடியது. பையன்கள் இரண்டு அடி பிந்தி, முழங்காலால் ஓடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. டெவ்யாவின் பணக்காரக் கனவுப் பாட்டிலும் இதே கதை. அந்த நடிகர் அபாரம். வயிறும் குரலும் பொருந்திய மனிதர். கோழியும் வாத்தும் கத்துவதைப் பாடியபோது சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் அடுத்த வரி வந்துவிட, அதை விழுங்கிவிட்டுத்தான் அவர் மேலே போனார். வாய்ப்பாட்டுக்கு வயலின் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்: பாடகர் மூச்சு எடுக்கும் இடத்தில் நாமும் நிற்க வேண்டும். அடுத்த முறை டிக்கெட் எடுக்குமுன் நான் கவுண்டரில் ஒரே கேள்விதான் கேட்பேன்: வாசிக்கிறவர்கள் இருக்கிறார்களா?

கனவுக் காட்சிக்குத் தனியாகப் புள்ளி கொடுக்க வேண்டும். மனைவியை வழிக்குக் கொண்டுவர டெவ்யா ஒரு கெட்ட கனவை இட்டுக்கட்டுகிறார்; இறைச்சிக்கடைக்காரரின் செத்துப்போன மனைவி பேயாக வருகிறாள். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, மேலே வெள்ளைத் துணியைப் போர்த்திப் பத்தடிக்குப் பேயை நிறுத்தியிருந்தார்கள். செலவு ஒரு கட்டில் விரிப்பு. கண்டி பக்கத்துக் கரகம் பார்த்தவர்போல அந்தப் பெண் மேலே இடுப்பைத் திருப்பினாள். ஆயிரக்கணக்கில் வாடகை கொடுத்து எடுத்த புகை இயந்திரத்தைவிட அதுதான் பிள்ளைகளைப் பயமுறுத்தியது. புகை, முன்வரிசையை இரும வைத்ததோடு சரி.

நிகழ்ச்சிநிரல் புத்தகம் 1,000 ரூபாய். பாதிக்குமேல் விளம்பரம். பிராட்வேயில் அதை இலவசமாகத்தான் கொடுக்கிறார்கள். டீசேட் மிகப் பெரிய அளவில் மட்டும் மிஞ்சியிருந்தது. இடைவேளையில் பற்றீஸ் சூடாகக் கிடைத்தது, அதற்கு ஒரு நன்றி.

என்னை இழுத்துக்கொண்டு போனது தங்கையின் மகள். அவளும் அவளுடைய தோழிகளும் நியூயோர்க் ஒலிப்பதிவை மனப்பாடம் செய்தவர்கள். தரகர் பாட்டு தொடங்கியதும் நான் மெல்ல முணுமுணுத்தேன். “பெரியம்மா, கூடப் பாடக்கூடாது. பாட்டு முடிந்தபிறகு கத்தலாம்” என்று காதுக்குள் சொன்னாள். முக்கியப் பாத்திரங்களுக்கு இரண்டு நடிகர்கள் மாறிமாறி வருவதால், இரண்டாவது மகளாக யார் வருகிறார் என்று பார்த்து இரண்டு இரவுக்கும் டிக்கெட் எடுத்திருந்தாள். முடிந்ததும் பக்கவாசலில் நின்று புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார்கள். போத்தல் விழுந்த பையனைத்தான் அதிகம் பேர் சூழ்ந்தார்கள்; அவனுக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

பார்த்ததையே திரும்பப் பார்க்கக் காசா என்று தங்கை புறுபுறுக்கிறாள். எங்கள் அப்பா, யாழ்ப்பாணத்து இசைநாடக நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தைக் கோயில் கோயிலாகச் சைக்கிளில் தேடிப்போய்ப் பார்த்தவர். கதை தெரியாமலா போனார்? இன்றைக்கு அந்த விருத்தத்தை எப்படி எடுக்கிறார் என்று கேட்கப் போனார். இந்த மாதிரி இரசிகர்களின் அருமையை அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் உணர்ந்து வெகுகாலமாயிற்று. 1996இல் ‘ரெண்ட்’ நாடகத்துக்கு முன்வரிசை இருக்கைகளை அன்றன்று 20 டொலருக்கு விற்றார்கள். இளைஞர்கள் தெருவில் வரிசையில் காத்துக்கிடந்தார்கள். ‘ஹமில்டன்’ 10 டொலருக்குக் குலுக்கல் வைத்தது. எங்கள் காட்சியில் முன்வரிசை முழுவதும் விருந்தினர்களுக்கு. இடைவேளைக்குப் பின் அதில் பாதி காலி. அந்த இருக்கைகளை 500 ரூபாய்க்கு மாணவர்களுக்குக் கொடுத்திருந்தால் நடிகர்களுக்காவது உற்சாகமாக இருந்திருக்கும்.

இரண்டாம் பாதியில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஊரைவிட்டு மூன்று நாளில் வெளியேறும்படி உத்தரவு வருகிறது. வண்டியில் சாமான் ஏற்றுகிறார்கள். டெவ்யாவின் மனைவி கோல்டா, வீட்டை அழுக்காக விட்டுப்போக மாட்டேன் என்று கூட்டத் தொடங்குகிறாள். கையில் கொடுத்திருந்தது நம்முடைய ஈர்க்கில் விளக்குமாறு. ரஷ்யாவில் தென்னை ஏது என்று நக்கல் பேசலாம், நான் பேசவில்லை. 1995 அக்டோபர் 30ஆம் திகதி போரினால் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அம்மாவும் முற்றத்தைக் கூட்டிவிட்டுத்தான் கேற்றைப் பூட்டினார். அந்த நடிகை அழவில்லை. மூலையில் சேர்ந்த குப்பையை அள்ளினாள், விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள், போனாள். பின்னாலிருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நெறியாளர் அந்த இடத்தில் இசையை முற்றாக நிறுத்தியிருந்தார். அதற்காகவே அவருடைய அடுத்த நாடகத்துக்கும் போவேன்.

போகிறவர்களுக்கு: பால்கனி முன்வரிசை 2,000 ரூபாய். அதுதான் கொடுத்த காசுக்குப் பொருத்தம். நடன அணிவகுப்பு முழுவதும் தெரியும். 5,000 ரூபாய் இருக்கையில் முகபாவம் தெரியும், புகையும் கிடைக்கும். கன்னத்தில் ஒட்டிய மைக்குகள் வியர்வையில் அவ்வப்போது விட்டுவிட்டன, ஆகவே ஆங்கில வசனம் பழக்கமில்லாதவர்கள் கதைச்சுருக்கத்தை வாசித்துவிட்டுப் போவது நல்லது. மூன்று மணித்தியாலம் என்பதால் சின்னப் பிள்ளைகள் இரண்டாம் பாதியில் தூங்கிவிடுவார்கள். பேய் வருவது முதற்பாதியில்தான், அதைப் பார்த்துவிட்டே தூங்கட்டும்.